நிலம் நடுங்கியது, கதை பிறந்தது

நிலநடுக்கச் செய்திகளைப் பத்திரிகைகளில் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். முதல் நாள் அது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரும். மூன்றாம் நாள் உள்பக்கத்துக்குப் போய்விடும். ஒரு வாரம் கழிந்தால் நாமும் அதை மறந்துவிடுவோம்.

ஆனால் நிலம் மறப்பதில்லை. ஓரிடத்தில் ஒரு பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபின் அதே இடத்தில் அடுத்தது வருவதற்கு நூறு ஆண்டுகள் ஆகலாம்; இருநூறு, முந்நூறு ஆண்டுகளும் ஆகலாம். முதலாவதைக் கண்ணால் கண்டவர் எவரும் இரண்டாவது வரும்போது உயிரோடு இருக்க மாட்டார். செய்தியின் ஆயுள் ஒரு வாரம். ஆபத்தின் ஆயுளோ பல தலைமுறை. இந்த இடைவெளியைக் கடக்க மனிதன் கண்ட சாதனங்களுள் ஒன்று கதை. நிலநடுக்கச் செய்தி எப்படிக் கதையாகிறது, அப்படி ஆகும்போது அதிலுள்ள விஞ்ஞானம் என்னவாகிறது என்பதைச் சில உண்மை வரலாறுகளைக் கொண்டு பார்ப்போமா?

மெல்ல ஆடிய நிலம்

1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் தேதி. ஜப்பானின் வடகிழக்கே சான்ரிகு கடற்கரை ஊர்களில் அன்று திருவிழா. மாலை ஏழரை மணியளவில் நிலம் இலேசாக ஆடியது. ஜப்பானியர்களுக்கு நில ஆட்டம் புதிதன்று. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. விழா தொடர்ந்து நடந்தது. அரைமணி நேரம் சென்றபின் இருளில் கடல் எழுந்து வந்தது. சில இடங்களில் நீர் 38 மீட்டர் உயரம் வரை ஏறியது. ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர்.

அன்றிரவு ஆழ்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆழ்கடலில் இந்த அலையின் நீளம் பல பத்துக் கிலோமீட்டர். உயரமோ மிகக் குறைவு. படகு மெல்ல ஏறி இறங்குவதை யாரும் உணர்வதில்லை. கரையை நெருங்கி, ஆழம் குறையும்போதுதான் அலை உயர்ந்து எழுகிறது. மீனவர்கள் கரைக்குத் திரும்பியபோது அவர்களுடைய ஊர்கள் அங்கே இல்லை. துறைமுகத்துக்கு வந்தால்தான் அலை இருந்தது தெரியும். 'துறைமுக அலை' என்று பொருள்படும் 'சுனாமி' என்ற சொல் இதற்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

இந்தச் செய்தி வெளிவந்தபோது கோபே நகரில் ஓர் எழுத்தாளர் வாழ்ந்துவந்தார். அவர் பெயர் லஃப்காடியோ ஹெர்ன். 1850-இல் கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகை நிருபராக வேலை பார்த்து, 1890-இல் ஜப்பானுக்கு வந்தவர். அங்கேயே திருமணம் செய்துகொண்டு, கொய்சுமி யாகுமோ என்ற பெயருடன் ஜப்பானியக் குடிமகனாகிவிட்டார். பத்திரிகைத் தொழிலில் பழகியவராதலால் செய்தியின் மதிப்பும் அதன் குறுகிய ஆயுளும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தன.

1896-ஆம் ஆண்டுப் பேரழிவு அவருக்கு வேறொரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டியது. ஜப்பானின் தெற்கே ஒரு கிராமத்தில், முன்னொரு காலத்தில், ஒரு பெரியவர் நெருப்பு மூட்டி ஊர் மக்களைச் சுனாமியிலிருந்து காப்பாற்றினார் என்று கேள்விப்பட்டிருந்தார். இரண்டையும் இணைத்து ஒரு கதை எழுதினார். 1897-இல் வெளிவந்த அவருடைய நூலில் அது முதல் கட்டுரையாக இடம்பெற்றது. ஆங்கிலத்தில் 'சுனாமி' என்னும் சொல் தொடக்க காலத்தில் எடுத்தாளப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று.

கதை இதுதான். ஹமகுச்சி கோஹெய் ஊர்த்தலைவர், வயது முதிர்ந்தவர். அவர் வீடு மேட்டில் இருக்கிறது. ஊர் கீழே கடலோரத்தில். அறுவடை முடிந்து எல்லோரும் விழாவுக்குத் தயாராகிறார்கள். நிலம் ஆடுகிறது. பலமான ஆட்டமல்ல, ஆனால் நெடுநேரம், மெதுவாக, விசித்திரமாக ஆடுகிறது. பெரியவர் கடலைப் பார்க்கிறார். கடல் கரையை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே உள்ளவர்கள் அதை வேடிக்கை பார்க்கக் கரைக்கு விரைகிறார்கள். ஆள் அனுப்பிச் சொல்ல நேரமில்லை. பெரியவர் தீப்பந்தத்தை எடுத்து, அந்த ஆண்டு முழுவதும் உழைத்து விளைவித்த தம் கதிர்ப்போர்களுக்கே தீ வைக்கிறார். பேரனோ தாத்தாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அழுகிறான். நெருப்பைக் கண்ட ஊரார் அணைப்பதற்காக மேட்டுக்கு ஓடி வருகிறார்கள். கடைசி ஆளும் வந்து சேர்ந்தபின் கடல் வருகிறது.

உண்மையில் நடந்தது என்ன?

கதையின் நாயகருக்கு மூலமானவர் ஹமகுச்சி கோர்யோ. இன்றைய வாகயாமா மாநிலத்தைச் சேர்ந்த ஹிரோ கிராமத்தவர். சோயா சாஸ் தயாரிக்கும் பெரிய வணிகக் குடும்பத்தின் தலைவர். 1854-இல் அவருக்கு வயது 34. கிழவரல்லர்.

அந்த ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி ஒரு பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. கடல் கொந்தளித்தது, ஊரார் கோயில் மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய சேதம் நேரவில்லை. மறுநாள் திரும்பினார்கள். மாலை நான்கு மணியளவில் இரண்டாவது நிலநடுக்கம் வந்தது. அது மெல்லிய ஆட்டமல்ல. கூரை ஓடுகள் பறக்க, சுவர்கள் சரிய ஆடிய ஆட்டம். ஊருக்குள் கடல் புகுந்தது. கோர்யோவும் அலையில் அகப்பட்டுத் தப்பி மேட்டை அடைந்தார். இருட்டிவிட்டது. வெள்ளத்தில் தத்தளித்தவர்களுக்கு எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் கடல் என்று தெரியவில்லை. அப்போதுதான் வழிநெடுக இருந்த வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தில் வழி கண்டு பலர் மேடேறினர். அதன்பின் வந்த அலையே எல்லாவற்றிலும் பெரியது.

எத்தனை மாறுதல்கள், பாருங்கள்! இளைஞர் கிழவரானார். வைக்கோல் கதிரானது. வழிகாட்டும் விளக்கு, கூவி அழைக்கும் தீயானது. அலைக்குப் பின் நடந்தது அலைக்கு முன் நடந்ததாயிற்று. பலத்த நடுக்கம் மெல்லிய ஆட்டமாயிற்று.

இந்தக் கடைசி மாறுதலைத்தான் நாம் நின்று கவனிக்க வேண்டும். மெல்லிய ஆட்டம் 1854-க்கு உரியதன்று. 1896-ஆம் ஆண்டுச் செய்திக்கு உரியது. பழைய ஊரில் புதிய செய்தியின் நிலநடுக்கத்தை ஹெர்ன் வைத்துவிட்டார். வரலாற்றின்படி இது பிழை. விஞ்ஞானத்தின்படி?

கதவைச் சாத்துவது போல

1972-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஹிரூ கானமோரி ஒரு தனிவகை நிலநடுக்கத்தை எடுத்துக்காட்டினார். 'சுனாமி நிலநடுக்கம்' என்று அதற்குப் பெயர். நில ஆட்டம் சிறிது. எழும் அலையோ மிகப் பெரிது. 1896-ஆம் ஆண்டு நிகழ்ச்சி அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

ஒரு கதவை ஓங்கி அறைந்து சாத்தினால் வீடே அதிர்கிறது. அதே கதவை மெதுவாகத் தள்ளிச் சாத்தினால் அதிர்ச்சி இல்லை. ஆனால் கதவு நகர்ந்த தூரம் இரண்டிலும் ஒன்றே. கடலடி அகழியின் அருகே, இறுகாத மண்படிவுகள் உள்ள இடத்தில், பாறைப் பிளவு மெதுவாக வழுக்கிச் செல்லும்போதும் இப்படித்தான். நம்மை உலுக்கும் வேகமான அதிர்வுகள் குறைந்துபோகின்றன. நீண்ட, மெதுவான அசைவு மட்டும் தெரிகிறது. கடலின் அடித்தளமோ மேலே உயர்ந்து தன் மீதுள்ள நீர் முழுவதையும் தூக்கிவிடுகிறது. 1992-இல் நிகராகுவாவிலும், 2006-இல் ஜாவாவின் தென்கரையிலும் இவ்வாறே நடந்தது. மக்கள் சிறிதளவே அதிர்ச்சியை உணர்ந்தார்கள். பெரிய அலை வந்தது. ஜாவாவில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தனர்.

ஆகவே 'ஆட்டம் சிறிதாக இருந்தாலும் நெடுநேரம் நீடித்தால் கடலை நம்பாதே' என்ற பாடம் மிகச் சரியானது. விஞ்ஞானம் அந்த நிலநடுக்கத்துக்குப் பெயர் சூட்டுவதற்கு 75 ஆண்டுகள் முன்பே ஒரு கதை அதைத் தாங்கி நின்றது. செய்தியில் கண்ட ஒரு நுணுக்கத்தை ஆசிரியர் விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டதே இதற்குக் காரணம்.

பாடப்புத்தகத்தில் ஏறிய கதை

ஹிரோவுக்கு அருகில் வளர்ந்த நாகாய் சுனேசோ என்ற பள்ளி ஆசிரியர் ஹெர்னின் கதையைச் சிறுவர்களுக்கு ஏற்றவாறு சுருக்கி எழுதினார். 'வைக்கோற்போரின் தீ' என்று பொருள்படும் தலைப்பில் அது 1937 முதல் 1947 வரை ஜப்பானின் ஐந்தாம் வகுப்பு மொழிப் பாடநூலில் இருந்தது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதைப் படித்து வளர்ந்தார்கள்.

ஆனால் கதை விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு. அலை வடிந்தபின் ஹிரோ மக்கள் வீடிழந்து, தொழிலிழந்து, ஊரைவிட்டே போய்விட எண்ணினார்கள். கோர்யோ தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஒரு கரை எழுப்பத் தொடங்கினார். ஊராரையே கூலிக்கு அமர்த்தினார். நான்கு ஆண்டுகளில், 5 மீட்டர் உயரமும் சுமார் 600 மீட்டர் நீளமும் கொண்ட மண்கரை எழுந்தது. கடல் பக்கம் பைன் மரங்கள் நட்டார்கள். ஊருக்குப் பிழைப்பும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று. கோர்யோ 1885-இல் நியூயார்க் நகரில் காலமானார். 1946 டிசம்பர் 21-ஆம் தேதி அதிகாலை மீண்டும் அதே கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டுச் சுனாமி வந்தபோது, 88 ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது.

தீ ஒரு மாலைப் பொழுதின் வேலை. கரை நான்கு ஆண்டு வேலை. கதைக்கு எது சுவையாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2011-இல் ஐந்தாம் வகுப்புப் பாடநூல் ஒன்றில் கோர்யோவின் வரலாறு மீண்டும் இடம்பெற்றபோது, அதை எழுதியவர் பேரிடர்களை ஆராயும் ஒரு விஞ்ஞானி. கரையின் கதையையும் அவர் சேர்த்துச் சொன்னார். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5-ஆம் நாளை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. ஜப்பானியப் பழைய பஞ்சாங்கப்படி பதினோராம் மாதம் ஐந்தாம் நாள் அந்தத் தீ எரிந்ததே காரணம்.

அறிகுறி பாதியானால்

இனி, கதையின் மற்றோர் அறிகுறிக்கு வருவோம்: கடல் பின்வாங்குதல். இதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

அலை என்றால் மேடும் பள்ளமும் உண்டு. எது முதலில் கரையை அடைகிறது என்பது, கடலடி எந்தப் பக்கம் உயர்ந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைப் பொறுத்தது. பள்ளம் முதலில் வந்தால் கடல் பின்வாங்கும். மேடு முதலில் வந்தால் எச்சரிக்கையே இல்லாமல் நீர் ஏறும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி இரண்டும் நடந்தன. சுமத்ராவுக்குக் கிழக்கே தாய்லாந்துக் கடற்கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் முதலில் நீர் ஏறியது. காலை ஆறரை மணியளவில் சென்னையில் சிலர் இலேசான அதிர்ச்சியை உணர்ந்தனர். ஒன்பது மணியளவில் அலை வந்துவிட்டது. கடல் உள்வாங்கட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருந்தால் கரையில் நின்றவருக்கு அந்த வாய்ப்பே கிடைத்திராது.

அதே நாளில் கதை உயிர் காத்த இடமும் உண்டு. சுமத்ராவை ஒட்டிய சிமுலு தீவு, நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது. சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. எந்தக் கருவியும் எச்சரித்திருக்க முடியாது. ஆனால் 1907-இல் அங்கே ஒரு பெரிய சுனாமி வந்திருந்தது. அதைத் தீவு மக்கள் 'ஸ்மோங்' என்ற சொல்லால் குறித்து, பாட்டாகவும் கதையாகவும் பேரன் பேத்திகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் ஆடியதும் 'ஸ்மோங்' என்று கூவிக்கொண்டு குன்றுக்கு ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேரே.

பொய்யான நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜப்பானின் மேற்குக் கடலில் சுனாமி வராது என்ற எண்ணம் அங்கே பரவலாக இருந்தது. 1983 மே 26-ஆம் தேதி அங்கே நிலநடுக்கம் ஏற்பட்டது. மலைப்பகுதிப் பள்ளி ஒன்றிலிருந்து கடற்கரைக்குச் சுற்றுலா வந்திருந்த குழந்தைகளில் 13 பேரை அலை கொண்டுபோயிற்று.

காலத்தைச் சுருக்கியவர்

செய்தியைக் கதையாக்க இன்னொரு வழியும் உண்டு. அதைக் காட்டியவர் கொமாட்சு சாக்யோ. 1931-இல் ஒசாகாவில் பிறந்தவர். தாய்மண்ணே இல்லாமற்போனால் ஜப்பானியர் என்ன ஆவார்கள் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு 1964-இல் ஒரு நாவலைத் தொடங்கினார். ஆனால் ஒரு நாட்டை எப்படி மூழ்கடிப்பது?

அந்த ஆண்டுகளில்தான் புவி விஞ்ஞானத்தில் ஒரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. நிலத்தின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது, அவை நகர்கின்றன, ஒன்றன் கீழ் ஒன்று அகழிகளில் அமிழ்கின்றன என்ற கருத்து 1960-களில் உருப்பெற்றது. கொமாட்சு அந்தச் செய்திகளைத் தொடர்ந்து படித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல், 'ஜப்பான் மூழ்குகிறது' என்ற நாவல் வெளிவந்தது. ஏறத்தாழ 40 லட்சம் பிரதிகள் விற்றன. அதே ஆண்டு திரைப்படமும் ஆயிற்று. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நில இயற்பியல் பேராசிரியர் தாகேயுச்சி ஹிதோஷி படத்தில் பேராசிரியராகவே தோன்றி, பூமிக்குள் நடப்பதை விளக்கினார். பாமர மக்களும் தட்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

நாவலில் ஜப்பான் இரண்டு ஆண்டுகளுக்குள் மூழ்குகிறது. இது நடவாத செயல். பசிபிக் தட்டு ஆண்டுக்கு எட்டு அல்லது ஒன்பது சென்டிமீட்டர்தான் நகர்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளின் வேலையை ஆசிரியர் சில மாதங்களில் முடித்துவிடுகிறார். ஆயினும் இந்தப் பொய்யால் எவருக்கும் தீங்கில்லை. நாடு மூழ்குமென்று நம்பி யாரும் கடலை நோக்கி ஓடப்போவதில்லை. தட்டுகள் நகர்கின்றன, தாம் வாழும் நிலம் அசையாத நிலமல்ல என்ற உண்மையை மட்டும் வாசகர் பெற்றுக்கொள்கிறார்.

நீங்கள் எழுதுவதானால்

இந்த இரு எழுத்தாளர்களிடமிருந்தும் ஒரு விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். நிலநடுக்கக் கதையில் ஆளை மாற்றலாம், ஊரை மாற்றலாம், காலத்தைச் சுருக்கலாம், அளவைப் பெருக்கலாம். ஆனால் ஆபத்தின் அறிகுறியையும், அதைக் கண்டதும் செய்ய வேண்டியதையும் திரிக்கக் கூடாது. உங்கள் வாசகர் ஒருநாள் கடற்கரையில் நிற்கும்போது நிலம் ஆடக்கூடும். அந்தக் கணத்தில் அவருக்கு நினைவுக்கு வருவது என்றோ படித்த கதையாக இருக்கலாம்.

கருப்பொருளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு சொல்கிறேன்.

1700-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜப்பானியக் கடற்கரையில் ஒரு சுனாமி வந்ததாகக் கிராமக் கணக்கர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் அங்கே நிலம் ஆடவே இல்லை. தாய் தந்தை தெரியாத அலை அது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, பசிபிக் பெருங்கடலின் மறுகரையில், வட அமெரிக்காவில், உப்பு நீரில் பட்டுப்போய் நின்ற மரங்களின் வளையங்களை விஞ்ஞானிகள் எண்ணினார்கள். அவை 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் இறந்தவை. அலை புறப்பட்ட இடம் தெரிந்துவிட்டது. ஒரு கரையில் ஏடு, மறு கரையில் மரம். இடையில் ஒரு கடல். இதைவிட நல்ல துப்பறியும் கதை வேண்டுமா?

மற்றொன்று. நிலநடுக்கத்தின் முதன்மை அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சேதம் விளைவிக்கும் இரண்டாம் அலை சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடர்கிறது. நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊருக்கு இவ்விரண்டுக்கும் இடையே கிடைப்பது சுமார் 12 நொடிகள். இந்த வேற்றுமையைப் பயன்படுத்தி எச்சரிக்கும் முறை ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்குக் கிடைத்துவருகிறது. பன்னிரண்டு நொடிகளில் ஓர் ஆசிரியை வகுப்பறையில் என்ன செய்யலாம்? அறுவை செய்துகொண்டிருக்கும் மருத்துவர் கத்தியை என்ன செய்வார்? அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டில் முதலில் நீளும் கை யாருடையது? கணக்கு விஞ்ஞானத்தினுடையது, அந்தப் பன்னிரண்டு நொடிகளை நிரப்ப வேண்டியது நீங்கள்.

அடுத்த முறை பத்திரிகையில் நிலநடுக்கச் செய்தி வரும்போது இறந்தவர் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு நேரம் ஆடியது, கடல் என்ன செய்தது, பிழைத்தவர் எப்படிப் பிழைத்தார் என்று தேடிப் படியுங்கள். ஹெர்ன் எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒரு வரிதான்: நிலம் மெல்ல ஆடியது, ஆனால் நெடுநேரம் ஆடியது.